சென்னையின் எஃப்சி வால்ஸ்கிஸை விட்டது அப்போதே தப்பா, இப்போது பார்த்தால்தான் தப்பா?

வியாசர்பாடி கோல்கீப்பர்:
நேற்று முல்லை நகர் டீக்கடையில் மறுபடியும் இதே சண்டை. 2019-20 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்தில் நம் சென்னையின் எஃப்சிக்கு 15 கோல் அடித்த வெளிநாட்டு ஸ்டிரைக்கர் வால்ஸ்கிஸ், பயிற்சியாளர் ஓவன் காயிலோடு ஜாம்ஷெட்பூருக்குப் போனார். அடுத்த சீசன் சென்னையின் எஃப்சி 20 ஆட்டத்தில் அடித்தது மொத்தமே 17 கோல். 11 டிரா! இருக்கிற காசைக் கொட்டியாவது அவரைப் பிடித்து வைத்திருக்க வேண்டாமா?

பெரம்பூர் லோகோ:
அண்ணே, காயில் போனபிறகு அவர் எதற்கு இருப்பார்? ஜாம்ஷெட்பூரில் அந்த சீசன் 8 கோல்தான். இங்கே அவருக்குப் பந்து கொடுத்த நடுக்கள வீரர் கிரிவெல்லாரோ, அவரும் பாதி சீசனில் காயம். வால்ஸ்கிஸ் இருந்திருந்தாலும் சும்மாதான் நின்றிருப்பார்.

வியாசர்பாடி கோல்கீப்பர்:
சரி, கிரிவெல்லாரோ விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2022 ஜனவரியில் அதே வால்ஸ்கிஸைத் திரும்பக் கூட்டிவந்தார்களே, அது எந்தக் கணக்கு? பழைய காதலியைக் கல்யாண மண்டபத்தில் தேடின மாதிரி.

புளியந்தோப்பு லெஃப்ட் விங்:
வெளிநாட்டுக்காரரை விடுங்கள். 2018 ஐஎஸ்எல் அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகத் தலையால் முட்டி கோல் அடித்தாரே தனபால் கணேஷ், நம் வியாசர்பாடிக்காரர். அப்படி இன்னொருவரை வளர்த்தார்களா? 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராகக் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரே கோல் அடித்த நந்தகுமாரும் சென்னைப் பையன்தான். எனக்கு எரிகிறது அதுதான்.

வியாசர்பாடி கோல்கீப்பர்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை, தம்பி. ஞாயிறு கிரவுண்டுக்கு வா, பேசலாம்.