மாதிரி போடமுன்னமே மார்க்விஸ் கரைசல் பழுப்பாகிறது, உதவி தேவை

கேள்வி: திருகோணமலை ஆய்வுகூடமொன்றில் பயிற்சிக்காக மார்க்விஸ் (போதைத்தூளை நிறமாற்றத்தால் சோதிக்கும் கரைசல்) தயாரித்தோம். செறிந்த சல்பூரிக்கமிலம் 100 மில்லிலீற்றர், போமலின் (40 வீத போமல்டிகைட்டுக் கரைசல்) 5 மில்லிலீற்றர். போன கிழமை சோதனைத் தட்டில் வெற்றுக் குழி (தூள் போடாத குழி) நிறமில்லாமல் நின்றது. இப்போது தூள் போடாமலே பழுப்பு. மாரி ஈரம் காரணமா?

பதில்: ஈரம் இழுத்தால் அமிலம் நீர்க்கும், நிறம் பிந்தும், வெளிறும். பழுப்பு வராது. ஏதோ கரிமப்பொருள் அதில் கருகுது தம்பி. போத்தல் மூடியிலேயே துளிசொட்டி இருக்குதா? ரப்பர் தலையைப் பாருங்கோ.

கேட்டவர்: ஓம் அண்ணா, கறுத்துப் பிசுபிசுக்குது. பல்குத்தியாலதான் கலக்கினதும்.

பதில்: இரண்டும் குற்றவாளிதான். மரக்குச்சி, பஞ்சு, குழித்தட்டில் காயாத அசற்றோன் எதுவும் ஆகாது. கண்ணாடிக் கோல், கண்ணாடிக் குழாய் மட்டும். புதிதாகச் செய்யும்போது ஐஸ் தொட்டியில் வைத்து, புகைக்கூண்டுக்குள், அமிலத்துக்குள் போமலினைச் சொட்டுச் சொட்டாக விடுங்கோ. கபிலநிறக் கண்ணாடிப் போத்தல், ரெப்லோன் மூடி. ஒவ்வொரு நாளும் முதலில் வெற்றுக் குழி, பிறகு அஸ்பிரின் (சிவப்பு), சீனி (கரும்பழுப்பு). இவை சரியென்றால்தான் மாதிரி. குண்டூசித் தலையளவு தூள் போதும்; கூடினால் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். நிறம் எத்தனை செக்கனில் வந்தது என்றும் எழுதுங்கோ.

கேட்டவர்: செம்மஞ்சள் வந்து பழுப்பானால் ஐஸ் போதைப்பொருள் (மெத்தம்பெற்றமீன்) என்று எழுதலாமா?

இன்னொருவர்: எழுதவே கூடாது. அம்பெற்றமீனும் அப்படித்தான், பென்ரனில் என்ற கடும் வலிநிவாரணியும் செம்மஞ்சள் தரும். ஹெரோயினுக்கு ஊதா, எம்டிஎம்ஏக்கு (எக்ஸ்டசி) கருஊதா. அடுத்தது மெத்தம்பெற்றமீனை அம்பெற்றமீனிலிருந்து பிரித்தறியும் சைமன் சோதனை: சோடியம் நைற்றோபுரூசைட்டு 1 கிராம், நீர் 50 மில்லிலீற்றர், அசற்றல்டிகைட்டு 2 மில்லிலீற்றர் சேர்ந்த கரைசல் ஒரு பங்கு. மேலே 2 வீத சோடியம் காபனேற்று இரண்டு பங்கு. மெத்தம்பெற்றமீன் கடும் நீலம். அம்பெற்றமீன் நீலம் தராது. ஆனால் எம்டிஎம்ஏயும் நீலம்தான், ஆகவே மார்க்விஸோடு சேர்த்தே வாசிக்கவேணும்.

நம்மூரில் இதில் பெரிய பிழை வெப்பம். அசற்றல்டிகைட்டு 20 பாகையிலேயே கொதிக்கும். மத்தியான வெக்கையில் மூடி திறந்தால் பறந்துவிடும், பிறகு மெத்தம்பெற்றமீனுக்கும் நீலம் வராது. பிரிட்ஜில் குளிர்த்திப் பிறகு திறவுங்கோ. சாப்பாட்டுப் பிரிட்ஜில் வேண்டாம். கலந்த கரைசல் பழசென்றால் தெரிந்த மெத்தம்பெற்றமீன் நியமத்தோடு (உறுதிசெய்த மாதிரியோடு) சோதிக்காமல் நம்பாதீங்கோ.

அறிக்கையில் "இருக்கக்கூடும்" வரைதான். உறுதி வேணுமென்றால் வாயு நிறப்பகுப்பும் திணிவு நிறமாலையும் (GC-MS கருவிச் சோதனை). மிச்ச அமிலத்தை நிறைய நீருக்குள் மெல்ல ஊற்றி, அப்பச்சோடாவைச் சிறிதுசிறிதாகப் போடுங்கோ, பொங்கும்.

கேட்டவர்: கண்ணாடிக் குழாயோடு புதிதாகச் செய்தோம். வெற்றுக் குழி நிறமில்லை, அஸ்பிரின் சிவந்தது.