உதவி தேவை: ஒரே பாதையில் 0.6, 1.8, பிறகு 0.9. எந்த மீத்தேன் அளவை நம்புவது?

புதுக்காற்று:
வணக்கம். நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தின் காற்றோட்டப் பிரிவில் அண்மையில் சேர்ந்தவன். நிலக்கரி வெட்டும் ஒரு முகப்பிலிருந்து காற்று திரும்பும் பாதையில் நிலையாகப் பொருத்திய சென்சார் நாள் முழுவதும் 0.6 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. அதே இடத்தில் கையடக்க மீட்டரை நெஞ்சு உயரத்தில் பிடித்தால் 0.5. கூரையை ஒட்டிப் பிடித்தால் 1.8.

இன்னொரு சிக்கலும் உண்டு. சற்றுத் தள்ளிக் கூரை இடிந்து ஒரு பெரிய குடைவு உண்டாகியிருக்கிறது. மீட்டரில் குழாயைப் பொருத்தி, கம்பியின் துணையோடு அதன் முனையைக் குடைவுக்குள் உயர்த்தினேன். அளவு 4-ஐத் தாண்டியது. இன்னும் மேலே கொண்டுபோனதும் மளமளவென்று இறங்கி 0.9-இல் நின்றுவிட்டது. உச்சியில் வாயு குறைவு என்று குறிப்பேட்டில் எழுதிவிடலாம் என்கிறார் உடன் பணியாற்றுபவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. மீத்தேன் காற்றைவிட இலேசானது, மேலேதானே சேர வேண்டும்? மீட்டர் பழையது, வினையூக்கி மணி வகை. அபாய மதிப்பீட்டு அறிக்கையில் எந்த எண்ணை எழுதுவது?

பழைய விளக்கு:
தம்பி, அந்த 0.9-ஐக் குடைவின் அளவாக எங்கும் எழுதாதீர்கள். முதலில் அந்தப் பகுதியின் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, வழியை மறித்து ஆட்கள் போகாமல் பாருங்கள். பிறகு மேலே படியுங்கள்.

உங்கள் மீட்டருக்குள் சூடான சிறு மணி ஒன்று இருக்கிறது. வாயு அதன்மேல் எரிகிறது, மணியின் வெப்பம் கூடுகிறது, மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் சதவீதமாகக் காட்டுகிறது. எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டுமல்லவா? மீத்தேன் 10 சதவீதத்தை நெருங்கும்வரை அளவு ஏறும். அதற்குமேல் ஆக்சிஜன் போதாமல் இறங்கத் தொடங்கும். சுத்த மீத்தேனுக்குள் வைத்தால் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். ஆகவே 0.9 என்பது உண்மையிலேயே 0.9 ஆகவும் இருக்கலாம், மணி எரியவே முடியாத அளவுக்கு வாயு நிறைந்த இடமாகவும் இருக்கலாம். 4-ஐத் தாண்டிவிட்டு இறங்கியது என்கிறீர்களே, அதிலிருந்தே இரண்டாவதுதான் என்று சொல்லிவிடலாம். புதிய மீட்டர்கள் எல்லை மீறியதும் அந்த நிலையிலேயே பூட்டிக்கொண்டு அலறும். பழையவற்றில் பலவற்றுக்கு அந்த வசதி கிடையாது.

அகச்சிவப்பு வகை மீட்டருக்கு ஆக்சிஜன் தேவையில்லை, 100 சதவீதம் வரை அளக்கும் கருவிகள் உண்டு. அதை வாங்கிவந்து அளங்கள், அல்லது காற்று மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முட்டுக் கொடுத்த கூரைக்குக் கீழே நின்றுதான் குழாயை நீட்ட வேண்டும். குழாய் நீளமாக இருந்தால் மேலே உள்ள வாயு மீட்டருக்கு வந்துசேர நேரமாகும். எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள்.

நேர்க்கோடு:
குடைவை விடுங்கள். திரும்பு காற்றில் 0.6 என்பது விதிக்குள்தானே இருக்கிறது? பல நாடுகளில் 1 அல்லது 1.25 சதவீதத்தில்தான் மின்சாரத்தை நிறுத்தச் சொல்கிறார்கள். கூரையோரம் 1.8 என்பதற்காக உற்பத்தியை நிறுத்தினால் எந்தச் சுரங்கமும் ஓடாது.

பழைய விளக்கு:
0.6 பொய் என்று நான் சொல்லவில்லை. அது வேறொரு கேள்விக்கான பதில். நன்றாகக் கலந்த காற்றில் அளந்தால் நிலக்கரி எவ்வளவு வாயு விடுகிறது என்று தெரியும். ஒரு பேச்சுக்கு, வினாடிக்கு 20 கன மீட்டர் காற்று ஓடுகிறது, உள்ளே வரும் காற்றில் ஏற்கெனவே 0.05 சதவீதம் இருக்கிறது என்று கொள்வோம். வித்தியாசம் 0.55. அப்படியானால் வினாடிக்கு 0.11 கன மீட்டர் மீத்தேன், ஒரு நாளைக்கு 9,504 கன மீட்டர். அன்று 1,200 டன் எடுத்திருந்தால் டன்னுக்கு ஏறத்தாழ 7.9 கன மீட்டர். எவ்வளவு காற்று வேண்டும், வாயுவை முன்கூட்டியே துளையிட்டு உறிஞ்ச வேண்டுமா என்பதையெல்லாம் தீர்மானிக்க இந்தக் கணக்கு வேண்டும்.

ஆனால் தீப்பற்றுவது சராசரியில் அல்ல. மணற்கல்லில் வெட்டும் இயந்திரத்தின் பல் உரசிப் பொறி பறக்கும் இடத்தில் 5 முதல் 15 சதவீதத்துக்குள் வாயு நின்றால் போதும்.

கனமூலம்:
கூரையில் 1.8, நெஞ்சில் 0.5 என்றால் அடுக்கு படிந்திருக்கிறது. மீத்தேனின் அடர்த்தி காற்றில் சுமார் 0.55 பங்குதான். காற்று மெதுவாக ஓடினால் வாயு கலக்காமல் கூரையோடு ஊர்ந்துபோகும். இதற்கு ‘அடுக்கு எண்’ என்ற கணக்கு உண்டு: வாயு வரத்தை 4.4-ஆல் பெருக்கி, பாதையின் அகலத்தால் வகுத்து, கனமூலம் எடுங்கள். காற்றின் வேகத்தை அந்த விடையால் வகுங்கள். சமதளப் பாதையில் 5-க்குக் குறைந்தால் கவலைப்பட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, வினாடிக்கு 5 லிட்டர் (0.005 கன மீட்டர்) வாயு, 4 மீட்டர் அகலம், வேகம் வினாடிக்கு 0.4 மீட்டர் என்றால் வரும் எண் 2.3 அளவில்தான். 5-க்குக் கொண்டுவர வேகம் ஏறத்தாழ 0.9 மீட்டர் ஆக வேண்டும். சரிவான பாதையில் அடுக்கு காற்றை எதிர்த்தும் மேல்நோக்கி ஏறும் என்பதால், வாயு கசியும் இடத்துக்கு இரு பக்கமும் அளங்கள். கூரையிலிருந்து கீழே வரை படிப்படியாக அளந்து, ஒவ்வோர் எண்ணோடும் உயரத்தையும் எழுதுங்கள். உயரம் இல்லாத எண்ணால் பயனில்லை.

புதுக்காற்று:
அனைவருக்கும் நன்றி. பகுதி மூடப்பட்டிருக்கிறது. அகச்சிவப்பு மீட்டரால் அளந்தோம். குடைவின் உச்சியில் 34, பாதி உயரத்தில் 7. உடன் இருந்தவர் ஒன்றும் பேசவில்லை. அடுக்கு இருந்த இடத்தில் காற்றின் வேகம் 0.4-க்கும் குறைவு. அழுத்தக் காற்றை உள்ளே பாய்ச்சிக் குடைவைச் சுத்தம் செய்துவிடலாமா?

பழைய விளக்கு:
அவசரப்படாதீர்கள். 34 சதவீதம் அந்த இடத்தில் வெடிக்காது, எரிய ஆக்சிஜன் போதாது. அதைக் காற்றால் நீர்க்கச் செய்யும்போது 15-இலிருந்து 5 வரையுள்ள வரம்பைக் கடந்துதான் வந்தாக வேண்டும். நடுவில் உள்ள 7 இப்போதே அந்த வரம்புக்குள் இருக்கிறது. வாயு போகும் வழி முழுவதும் மின்சாரம் இல்லை, ஆட்கள் இல்லை என்று உறுதிசெய்த பிறகே தொடங்க வேண்டும். ஒரேயடியாகத் தள்ளாமல், திரும்பு காற்றில் அளவைப் பார்த்துக்கொண்டே சிறிது சிறிதாக வெளியேற்றுங்கள். பாய்ச்சும் உலோகக் குழாய்க்குப் புவித்தொடர்பு கொடுக்காவிட்டால் நிலைமின்சாரப் பொறியே போதும். காற்றை மேலே திருப்பும் திரைகளைக் கட்டி வாயுவை நிதானமாக வடியவிடுவதையே நான் விரும்புவேன். மேலாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

கனமூலம்:
பாரோமீட்டர் காட்டும் காற்றழுத்தத்தையும் அறிக்கையில் சேருங்கள். நிலக்கரி எடுத்துவிட்டுக் கைவிட்ட பகுதியில் 50,000 கன மீட்டர் வெற்றிடம் இருந்து, வெளி அழுத்தம் 1000-இலிருந்து 990 மில்லிபாருக்கு இறங்கினால் சுமார் 500 கன மீட்டர் வாயு பாதைக்குள் தள்ளப்படும். அழுத்தம் ஏறும் நாளில் மட்டும் அளந்துவிட்டு எல்லாம் நலம் என்று எழுதுவது ஏமாற்று வேலை.

புதுக்காற்று:
புரிகிறது. கடைசியாக ஒன்று. புதிய மீட்டரில் 20 என்று காட்டியபோது பழையதில் 1 என்று இருந்தது. இரண்டில் ஒன்று பழுதா?

பழைய விளக்கு:
பழுதில்லை. பழையது காற்றில் உள்ள கனஅளவுச் சதவீதம். புதியது கீழ் வெடிப்பு வரம்பில், அதாவது வாயு வெடிக்கத் தொடங்கும் குறைந்தபட்ச அளவில், எத்தனை சதவீதம் என்று காட்டும்படி வைக்கப்பட்டிருக்கிறது. வரம்பை 5 என்று கொண்டால் 1 சதவீதம் 20 ஆகும். சில தரநிலைகள் வரம்பை 4.4 என்று கொள்கின்றன, அப்போது அதே வாயு 22.7 ஆகத் தெரியும். நீங்கள் சொன்ன 34-உம் 7-உம் எந்த அலகில் எடுத்தவை என்று இப்போதே பாருங்கள்.

புதுக்காற்று:
பார்த்துவிட்டேன். அவை இரண்டும் கனஅளவுதான், அகச்சிவப்பு மீட்டரின் நீள்வரம்பில் எடுத்தவை. அமைப்பை மாற்றி ஒரே அலகில் வைத்துவிட்டோம், மீட்டரின் உறையிலும் அலகை எழுதி ஒட்டியாயிற்று. அடுத்த பணிமுறைக்கு முன் அளவுத்திருத்த வாயுவை (மீத்தேன் அளவு முன்பே தெரிந்த வாயு) வைத்து இரண்டையும் ஒருமுறை ஒப்பிடுகிறோம்.