புதுப்பிப்பு: பொங்கலுக்கு நாலு நாள் போன் இல்லாமல்

பொங்கலுக்கு ஊருக்குப் போயும் அம்மாவோடு உட்கார்ந்து பேசுவதே இல்லை, இந்த முறை போகி முதல் காணும் பொங்கல் வரை போனை பீரோவில் வைக்கப் போகிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். எப்படிப் போனது என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

போகியன்று கஷ்டம்தான். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

தை 1 காலையில்தான் எல்லாம் மாறியது. வாசலில் அடுப்பு, கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டிய பானை. வழக்கமாகப் பால் பொங்கும் நேரத்துக்கு ஓடிவந்து படம் எடுப்பேன். இந்தத் தடவை அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து விறகு தள்ளினேன். முதலில் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ், அப்புறம் ஆடை மெல்ல உப்பி எழும்புகிறது, பிறகுதான் வழிகிறது. இத்தனை வருடத்தில் இதை முழுசாகப் பார்த்ததே இல்லை. எந்தப் பக்கம் வழிகிறது என்று அம்மா குனிந்து பார்த்தார். கிழக்குப் பக்கம். "அப்பா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாருடா" என்றார். அவரைப் பற்றி அன்று மதியம் வரை பேசிக்கொண்டிருந்தோம். அவர் போனபிறகு அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

மாட்டுப் பொங்கலன்று போன் ஞாபகமே வரவில்லை. சித்திரை 1-க்கும் இப்போதே லீவு சொல்லிவிட்டேன்.