டெக்சஸ் பள்ளி ஃபுட்பாலில் என்றைக்கும் சிறந்த அணி ஆபிலீன்தானா?

டல்லாஸ்_ராஜு:
பையன் ஹைஸ்கூல் மார்ச்சிங் பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறான். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் குடும்பமே ஸ்டேடியத்தில். அமெரிக்கன் ஃபுட்பால் விதிகள் ஒன்றும் தெரியாமல் போய் உட்கார்ந்தவன், இப்போது பழைய கதைகளைத் தேடித் தேடிப் படிக்கிறேன். என் ஓட்டு ஆபிலீன் ஊர் ஹைஸ்கூல் அணியான ஈகிள்ஸுக்குத்தான். பயிற்சியாளர் சக் மோசர். 1954, 55, 56 மூன்று வருடமும் மாநிலப் பட்டம், தொடர்ந்து 49 வெற்றி. 1957 அரையிறுதியில் ஹைலேண்ட் பார்க் பள்ளியுடன் 20-20 சமன். எதிராளியின் 20 கஜக் கோட்டை அதிக முறை தாண்டியது யார் என்று எண்ணிப் பார்த்து இவர்களை வெளியே அனுப்பினார்கள். தோற்காமலே வெளியேறிய அணி!

மல்லிகா:
49 சரி. யார் யாரோடு ஆடி வந்த 49 என்று சொல்லுங்கள் ராஜு சார். டெக்சஸ் பள்ளிப் போட்டிகளை நடத்தும் அமைப்பு யுஐஎல். அப்போது அதன் போட்டிகள் வெள்ளையர் பள்ளிகளுக்கு மட்டும். அதே ஆபிலீனில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு உட்சன் என்று தனிப் பள்ளி இருந்தது. ஒரே ஊர், ஆனால் இரண்டு அணிகளும் மோதவே முடியாது. கறுப்பினப் பள்ளிகளுக்கு 1920 முதல் தனி லீக். பிரெய்ரி வியூ லீக் என்பார்கள். மைதானம் வெள்ளிக்கிழமை வெள்ளையர் பள்ளிக்குப் போய்விடும் என்பதால், பல ஊர்களில் இவர்கள் ஆடியது புதன், வியாழன் இரவுகளில்.

செந்தில்_ஆஸ்டின்:
மல்லிகா அக்கா, 17 வயதுப் பையன்களா அந்தச் சட்டத்தைப் போட்டார்கள்? மைதானத்தில் யாரை நிறுத்தினார்களோ அவர்களை ஜெயித்தார்கள். அப்புறம், அந்தத் தனி லீக் பள்ளிகளில் பல சின்னவை, வசதி இல்லாதவை. எப்படி ஒப்பிடுவது?

மல்லிகா:
பையன்களை நான் குறை சொல்லவே இல்லை, தம்பி. ஆனால் வசதியைத் தரம் என்று நினைக்காதீர்கள். வெள்ளையர் பள்ளி கழித்துப்போட்ட ஹெல்மெட்டும் ஜெர்சியும்தான் பல அணிகளுக்கு வாய்த்தன. அந்த லீக்கில் ஆடி, பின்னாளில் தொழில்முறை ஃபுட்பாலில் நட்சத்திரங்களானவர்களைப் பாருங்கள்: டெம்பிள் டன்பார் பள்ளியின் ஜோ கிரீன், லஃப்கின் டன்பாரின் கென் ஹூஸ்டன், போமான்ட்டின் பப்பா ஸ்மித். பப்பாவுக்குப் பள்ளியில் பயிற்சியாளர் அவருடைய அப்பாதான்! ஹூஸ்டன் நகரின் கறுப்பினப் பள்ளிகளான யேட்ஸும் வீட்லியும் நன்றி நவிலும் நாளன்று மோதினால் 30 ஆயிரம் பேருக்கு மேல் கூடிய வருடங்கள் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு!

டல்லாஸ்_ராஜு:
உட்சன் விஷயம் எனக்குத் தெரியாது, மனசை உறுத்துகிறது. ஆனாலும் 1960களில் கறுப்பினப் பள்ளிகளுக்கும் யுஐஎல் கதவு திறந்ததே, அதோடு அந்தப் பிழை திருந்தியதாகத்தானே அர்த்தம்?

மல்லிகா:
கதவு திறந்தது, பாதிப் பேரின் வீடு பூட்டப்பட்டது. வெள்ளையர், கறுப்பினப் பள்ளிகளின் இணைப்பு என்றதும் மூடியது பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளைத்தான். பட்டம் வென்ற தலைமைப் பயிற்சியாளர்கள் பலர் புதுப் பள்ளியில் உதவிப் பயிற்சியாளராக நின்றார்கள். கோப்பைகளும் குழுப் படங்களும் பல ஊர்களில் காணாமலே போயின. 1970இல் அந்த லீக்கும் முடிந்தது. அவர்கள் பெயரைச் சேர்க்காமல் ‘என்றைக்கும் சிறந்த அணி’ என்றால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

டல்லாஸ்_ராஜு:
சரி, தலைப்பில் ‘யுஐஎல்’ என்று சேர்க்கிறேன். 49ஐ மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். யேட்ஸ், வீட்லி ஆட்டங்களைப் பற்றி இன்னும் எழுதுங்கள், பையனோடு உட்கார்ந்து படிக்க வேண்டும்.