கொலுசு வேலை செய்பவருக்கு லேசர்: லாசிக், ஸ்மைல், பி.ஆர்.கே. எது சரிவரும்?

கொலுசுப்பட்டறை:

வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறேன். வயது 38. வலது கண் மைனஸ் 5.5, இடது மைனஸ் 5, இரண்டிலும் சிலிண்டர் 1. பவர் மாறிப் பல வருடம் ஆகிறது. பற்றவைக்க உட்கார்ந்தால் அனலில் வியர்த்துக் கண்ணாடி மூக்கைவிட்டு இறங்கிக்கொண்டே இருக்கும். மெருகுத் தூசி வேறு. பொடிக் கண்ணி கோர்க்கும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கிட்டத்தில் பிடித்து வேலை செய்வேன்.

கண்ணாடியே வேண்டாம் என்று லேசர் சிகிச்சை பற்றி விசாரிக்க ஒரு மருத்துவமனைக்குப் போனேன். ஸ்கேன் எடுத்து, கருவிழித் தடிமன் 505 மைக்ரான் என்றார்கள். அப்புறம் ஆலோசனை சொல்லும் அம்மா லாசிக், ஸ்மைல், பி.ஆர்.கே. என்று மூன்றைச் சொல்லி, "ஸ்மைல்தான் புதுசு, அதையே செய்துகொள்ளுங்கள்" என்றார். செலவும் அதற்குத்தான் அதிகம். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? என் வேலைக்கு எது ஒத்துவரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்மாபேட்டை ஆப்டோமெட்ரிஸ்ட்:

பவர் பார்ப்பதும் ஸ்கேன் எடுப்பதும் என் வேலை. அறுவை செய்யும் டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணி கோர்ப்பேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகப் பேச வேண்டும். முதலில் லேசரை முடித்துவிடுகிறேன்.

மூன்றிலும் நடப்பது கருவிழியில் கொஞ்சம் சதையை எடுத்து அதன் வளைவைக் குறைப்பதுதான். எந்த வழியாக உள்ளே போகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். பி.ஆர்.கே.யில் மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு எக்சைமர் லேசரால் நேரடியாகச் செதுக்குவார்கள். தோல் திரும்ப வளரும்வரை, நாலைந்து நாளைக்கு, கட்டு மாதிரி ஒரு லென்ஸ் போட்டு அனுப்புவார்கள். லாசிக்கில் ஒரு மெல்லிய மூடி வெட்டித் திறந்து, உள்ளே அதே எக்சைமரால் செதுக்கி, மூடியைத் திரும்பப் படியவைப்பார்கள். மறுநாளே பார்வை தெளியும். ஸ்மைலில் மூடி கிடையாது. ஃபெம்டோசெகண்ட் லேசர் கருவிழிக்குள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை வெட்டும், 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியாக டாக்டர் அதை உருவி எடுப்பார். லாசிக் மூடியின் வெட்டு சுமார் 20 மில்லிமீட்டர் சுற்றளவுக்குப் போகும். அதனால் ஸ்மைலில் நரம்புகள் குறைவாக அறுபடும், கண் வறட்சியும் பொதுவாகக் குறைவு.

(இந்த எக்சைமர் லேசர் உயிர்த்திசுவை அக்கம்பக்கம் பொசுக்காமல் செதுக்கும் என்று 1981இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் கண்டவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். விருந்தில் மிஞ்சிய வான்கோழியில்தான் முதலில் சோதித்தார்கள். நம் ஊர்ப்பக்கம் பலருக்கு இது தெரியவில்லையே என்று எனக்கு வருத்தம்.)

இப்போது உங்கள் 505 மைக்ரான், அதாவது சுமார் அரை மில்லிமீட்டர். உங்கள் பவருக்கு எக்சைமரில் சுமார் 90 மைக்ரான் போகும் என்று வையுங்கள். லாசிக் என்றால் மூடிக்கு 110 கழித்து, 90 கழித்து, அடியில் மிஞ்சுவது 305. குறைந்தது 250 இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு, இப்போது பலர் 300 கேட்கிறார்கள். பி.ஆர்.கே.யில் மேல்தோல் 50 போக 365 மிஞ்சும். ஸ்மைலில் மேலே 120 விட்டு, வில்லை சுமார் 115 எடுத்தால் 270. ஆனால் ஸ்மைலில் அந்த மேல்பகுதி அறுபடாமல் பெரும்பாலும் வலுவோடு இருக்கிறது, அதனால் இந்த எண்ணை லாசிக் எண்ணோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. உங்கள் கருவிழிக்கு மூன்றுமே கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. தடிமனைவிட முக்கியம் டோபோகிராபி படம், அதாவது கருவிழியின் வளைவைக் காட்டும் வரைபடம். கருவிழி கூம்பாகிற நோயின் சாயல் அதில் இருந்தால் லாசிக்கும் வேண்டாம், ஸ்மைலும் வேண்டாம். தூசியில் வேலை செய்கிறீர்கள், கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சரி, கண்ணி விஷயம். மைனஸ் 5.5 கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் 18 சென்டிமீட்டரில் எந்தச் சிரமமும் இல்லாமல் துல்லியமாகத் தெரியும். கொலுசு வேலைக்கு அது ஒரு சொத்து. எந்த லேசர் செய்தாலும் அந்தச் சொத்து போய்விடும். பவரைப் பூஜ்யமாக்கினால் அதே கண்ணியைப் பார்க்கக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வளைந்து கொடுக்க வேண்டும். 38 வயதில் கொஞ்ச நேரம் முடியும், நாள் முழுக்க முடியாது. 40 தாண்டினால் கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடி வந்துவிடும், அதைப் போட்டுக்கொண்டுதான் பட்டறையில் உட்கார வேண்டும். கண்ணாடியை ஒழிக்கத்தானே இத்தனையும்?

அதனால் பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். முழுப் பவரில் மென்மையான கான்டாக்ட் லென்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் கண்ணி கோர்த்துப் பாருங்கள். பற்றவைக்கிற இடத்தில், அனலிலும் புகையிலும், அந்த லென்ஸ் கூடவே கூடாது. சாயங்காலம் கண் வலித்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. கிட்டத்தில் பார்க்க உதவட்டும் என்று ஒரு கண்ணில் மட்டும் மைனஸ் 1.5 விட்டுவைப்பதும் உண்டு, அதையும் லென்ஸிலேயே சோதித்துக்கொள்ளலாம்.

நாகலூர் பிக்கப்:

அண்ணா, நான் ஏற்காட்டிலிருந்து காபி மூட்டை இறக்கும் வண்டி ஓட்டுகிறேன். எனக்குக் கருவிழி மெலிசு என்று பி.ஆர்.கே.தான் செய்தார்கள். முதல் மூன்று நாள் எரிச்சல் தாங்காது. ஜன்னலை அடைத்துக்கொண்டு படுத்தே கிடந்தேன். வண்டி ஓட்டும் அளவுக்குத் தெளிவு வர வாரக்கணக்கில் ஆனது. சொட்டு மருந்து மாதக்கணக்கில். அது ஸ்டீராய்டு என்பதால் இடையில் கண் அழுத்தம் பார்க்க வரச் சொன்னார்கள், தவறாமல் போனேன். வெயிலில் போகும்போது கறுப்புக் கண்ணாடி கட்டாயம் என்றார்கள்.

இரவில் கொண்டை ஊசி வளைவில் எதிர்வண்டி விளக்கைச் சுற்றி ஒரு வளையம் தெரிந்தது. பனி மூட்டமும் சேர்ந்துவிட்டால் ரோட்டு ஓரம் எது என்றே பிடிபடாது. அது அடங்கும்வரை ராத்திரி லோடு எடுக்கவில்லை. இப்போது நன்றாக இருக்கிறேன், பி.ஆர்.கே. செய்ததில் எனக்குத் திருப்திதான். உங்களுக்குப் பட்டறை லீவு எத்தனை நாள் கிடைக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கொலுசுப்பட்டறை:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மேடம், கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் தெரிவது போய்விடும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நான் லாசிக்கா ஸ்மைலா என்றே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். லென்ஸ் சோதனை செய்கிறேன். அதற்கு அப்புறம் திரும்ப ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

அம்மாபேட்டை ஆப்டோமெட்ரிஸ்ட்:

லேசர் என்று முடிவானால் திரும்ப எடுக்க வேண்டும். லென்ஸ் போட்டால் கருவிழியின் வடிவம் கொஞ்சம் மாறும், அதனால் கழற்றி இரண்டு வாரம் கழித்து எடுங்கள். ஏற்கெனவே எடுத்த டோபோகிராபி படத்தின் நகலை இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதுப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க டாக்டருக்கு அது வேண்டும்.