புதுப்பிப்பு: பழைய தரை பம்ப் மறுபடி காற்றடிக்கிறது

கைப்பிடியை எவ்வளவு அழுத்தினாலும் காற்றே வராத பழைய சைக்கிள் பம்ப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பம்ப் சரியாகிவிட்டது.

பலரும் கைப்பிடித் தண்டின் அடியில் இருந்து காற்றைத் தள்ளும் வாஷரை மாற்றச் சொன்னார்கள். ஆனால் பலித்தது, "தோல் வாஷரைத் தூக்கிப்போடாதீர்கள், எண்ணெயில் ஊறவையுங்கள்" என்ற யோசனைதான். கழற்றிப் பார்த்தபோது கிண்ணம் போலிருக்க வேண்டிய தோல் காய்ந்து, சுருங்கி, உருளையின் சுவரைத் தொடாமலே நின்றது. மினரல் எண்ணெயில் ஓர் இரவு ஊறப்போட்டேன். காலையில் மெத்தென்று ஆகியிருந்தது. விளிம்பை விரலால் மெல்ல வெளிப்பக்கம் விரித்து, கிண்ணத்தின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினேன். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துவிடும்.

எதிர்பாராதது அப்புறம்தான் வந்தது. காற்று ஏறியது, ஆனால் கையை எடுத்ததும் கைப்பிடி தானாக மேலே எழும்பியது. அப்படி எழும்பினால் கோளாறு வாஷரில் இல்லை, அடியில் காற்றைத் திரும்ப விடாமல் தடுக்கும் வால்வில். அந்த வால்வை மூடும் சிறிய உருண்டைக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு துணுக்குத் துரு சிக்கியிருந்தது. துடைத்ததும் கைப்பிடி எழும்புவது நின்றுவிட்டது.

வெடித்திருந்த ஹோஸை மாற்றி, ஷ்ரேடர், பிரெஸ்டா என்ற இரண்டு வகை டியூப் வால்வுகளுக்கும் பொருந்தும் தலையையும் போட்டேன். பம்பிலுள்ள பழைய அழுத்த மீட்டர் 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காட்டும்போது தனி அழுத்தமானியில் (கேஜ்) 52தான் இருக்கிறது. அதனால் அளவுக்குத் தனி கேஜைத்தான் நம்புகிறேன்.