புதுப்பிப்பு: இடைவெளிகள் மோதினாலும் வித்தியாசம் இருக்கலாம்

போன வாரம் எழுதியது இதுதான்: மின்கட்டணத்தைக் கைபேசியில் கட்டுகிறீர்களா என்று எங்கள் பகுதியில் 200 ஆண்களிடமும் 200 பெண்களிடமும் கேட்டேன். ஆம் என்றவர்கள் ஆண்களில் 100 (50%), பெண்களில் 80 (40%). இரண்டு 95% நம்பிக்கை இடைவெளிகளும் (உண்மையான சதவீதம் இருக்கக்கூடிய எல்லைகள்: ஆண்களுக்கு 43–57, பெண்களுக்கு 33–47) ஒன்றோடொன்று மோதுவதால், அதாவது சில எண்கள் இரண்டிலும் வருவதால், வித்தியாசமே இல்லை என்று அடித்துச் சொல்லியிருந்தேன்.

அது தப்பு. இடைவெளியை வித்தியாசத்துக்கே போட வேண்டும். திட்டப்பிழைகளை (மாதிரிக்கு மாதிரி சதவீதம் எவ்வளவு ஆடும் என்ற அளவு) அப்படியே கூட்டக்கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இரண்டும் சுமார் 3.5, நான் மனதுக்குள் 7 என்று கூட்டிவிட்டேன், சரியான கணக்கில் 4.95தான். ஆக வித்தியாசமான 10-க்கு இருபுறமும் 4.95-இன் 1.96 மடங்கு விட்டால், இடைவெளி 0.3 முதல் 19.7 வரை. பூஜ்யம், அதாவது வித்தியாசமே இல்லை என்பது, நூலிழையில் வெளியே நிற்கிறது.

அப்புறம் தாள்களைத் திரும்பப் புரட்டினேன். ஒரே வீட்டில் கணவன், மனைவி இருவரிடமும் கேட்டது நிறைய! சூத்திரமோ 400 பேரும் சம்பந்தமில்லாதவர்கள் என்று நம்புகிறது. வீட்டுக்கு ஒரே பில். அவர் கட்டினால் இவர் கட்டமாட்டார். இப்படி எதிரெதிராக இழுத்தால் திட்டப்பிழை ஏறும், அந்த 0.3 தாங்காது. இப்போது ஜோடிகளைத் தனியே பிரித்து மெக்னிமர் சோதனைக்கு (ஜோடிகளின் ஆம்/இல்லை பதில்களை ஒப்பிடும் முறை) அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன்.